"பொம்மைக்கா 30,000 ரூபாய்?" - ஆக்‌ஷன் ஃபிகர் வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

கூரியர் அண்ணன் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நீங்கள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, கட்டரால் டேப்பைக் கிழித்து, அட்டையை விலக்கிப் பார்த்தால்... உள்ளே 30 சென்டிமீட்டர் உயரத்தில் அயர்ன்மேன். ராபர்ட் டௌனி ஜூனியரின் தாடியும் கண்ணோரச் சுருக்கமும் அப்படியே இருக்கின்றன. சரியாக அந்த நேரம் பார்த்து அம்மா கதவைத் திறப்பார். "எரும மாடு மாதிரி வளர்ந்துட்டு, இன்னும் என்னடா பொம்மை? எவ்வளவு இது?"

விலையில் ஒரு பூஜ்யத்தைக் குறைத்துச் சொல்வதுதான் இந்த ஹாபியின் முதல் பாடம். ஆனா, அம்மாகிட்ட பொய் சொல்லலாம், பேங்க் பேலன்ஸ்கிட்ட சொல்ல முடியாதே! முதல் சம்பளம் வாங்கியவுடன் பைக்குக்கு முன்பணம் கட்டுவதா, கிரேட்டோஸ் ஃபிகரை ப்ரீ-ஆர்டர் போடுவதா என்று யோசிக்கும் நண்பர்கள் எனக்கே இருக்கிறார்கள். "மச்சான், இது செலவில்ல, இன்வெஸ்ட்மென்ட்" என்று அவர்கள் சொல்லும் அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை. அது உண்மையா, எவ்வளவு தூரம் உண்மை? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்துட்டு வரலாம்.

'பொம்மை'ன்னு சொன்னா பையன் தொட மாட்டான்!

1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஒரு ராணுவ வீரனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ஜி.ஐ. ஜோ. உயரம் கிட்டத்தட்ட 12 அங்குலம். சட்டை மாற்றலாம், கை காலை மடக்கலாம். உண்மையைச் சொன்னால், பார்பி செய்த அதே வேலைதான். ஆனால், 'டால்' என்று சொன்னால் பையன்களும் தொட மாட்டார்கள், அப்பாக்களும் காசு தர மாட்டார்கள். அதனால் ஹாஸ்ப்ரோ வைத்த புதுப்பெயர்தான் 'ஆக்‌ஷன் ஃபிகர்'. இன்றைக்கும் "இது பொம்மை இல்லம்மா, ஃபிகர்" என்று நாம் சொல்லும் சமாளிப்பு, 60 வருடத்துக்கு முன்னால் ஒரு மார்க்கெட்டிங் டீம் எழுதிக் கொடுத்த வசனம்தான்.

சினிமா உள்ளே வந்த கதை இன்னும் சுவாரஸ்யம். 1970-களில் ஃபிகர் சந்தையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் மீகோ. ஜார்ஜ் லூகாஸ் எடுத்துக்கொண்டிருந்த விண்வெளிப் படத்துக்குப் பொம்மை செய்யும் உரிமை அவர்கள் வாசலுக்கே வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சின்சினாட்டியில் இருந்த கென்னர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. 1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' ரிலீஸ் ஆனது. அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே!

கென்னரே இதை எதிர்பார்க்கவில்லை. அச்சு செய்து, பிளாஸ்டிக் வார்த்து, பெயின்ட் அடித்துக் கடைக்கு அனுப்ப மாதக்கணக்கில் ஆகும். கிறிஸ்துமஸுக்கோ பொம்மை கையில் இல்லை. அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா... காலிப் பெட்டியை விற்றார்கள்! நிஜமாகத்தான். ஒரு அட்டை, கொஞ்சம் ஸ்டிக்கர், கூடவே ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழைத் தபாலில் அனுப்பினால், லூக், லியா, சூபாக்கா, ஆர்2-டி2 நான்கு பேரும் 1978 தொடக்கத்தில் வீடு வந்து சேருவார்கள். உலகம் முழுக்க இன்று நடக்கும் ப்ரீ-ஆர்டர் கூத்துக்கு இதைத்தான் கொள்ளுத்தாத்தா என்று சொல்வேன்.

கென்னர் செய்த இன்னொரு காரியம், அளவைச் சுருக்கியது. 12 அங்குலத்தில் ஹீரோ செய்தால், அவர் ஓட்டும் விண்கலத்தை ஹாலுக்குள் வைக்க முடியாது. அதனால் 3¾ அங்குலத்துக்கு இறங்கினார்கள். விலை குறைந்தது, ஒரே பையன் பத்துப் பதினைந்து ஃபிகர் வாங்கினான். 'ஒன்று வைத்திருப்பது' என்பது 'எல்லாவற்றையும் வைத்திருப்பது' என்று மாறியது அங்கேதான்.

சுடாத ராக்கெட்டுக்கு 5,25,000 டாலர்

போபா ஃபெட்டைத் தெரியுமா? ஹெல்மெட் போட்ட, அதிகம் பேசாத கூலி வேட்டைக்காரர். 1979-ல் கென்னர் ஒரு ஆஃபர் அறிவித்தது. நான்கு ஃபிகர் வாங்கியதற்கான அட்டைத் துண்டுகளை அனுப்பினால் போபா ஃபெட் இலவசம், முதுகில் இருக்கும் ராக்கெட் நிஜமாகவே பாய்ந்து போகும் என்று விளம்பரம். அதே சமயத்தில் வேறொரு நிறுவனத்தின் விண்கல பொம்மையிலிருந்து பாய்ந்த சின்ன ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் பயந்துபோய் ராக்கெட்டை அசையாதபடி ஒட்டி, விளக்கக் கடிதத்துடன் அனுப்பிவைத்தது.

ராக்கெட் பாயும் மாதிரிகள் தொழிற்சாலைக்குள் செய்த சில மட்டுமே. அவை கடைக்கு வரவே இல்லை. அப்படி ஒரு மாதிரி 2024-ல் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. நம்ம காசுக்கு 4 கோடிக்கு மேல்!

நண்பர்கள் வாட்ஸ்அப்பில் ஷேர் பண்ணும் 'பொம்மை வாங்கிக் கோடீஸ்வரன் ஆனவன்' செய்திகளின் மூலவித்து இந்த மாதிரிக் கதைகள்தான். ஆனா, ஒரு நிமிஷம். விலை ஏறியது எதற்காக? போபா ஃபெட் என்பதற்காக மட்டும் இல்லை. அது கிடைக்காது என்பதற்காக. அதே காலத்து ஜாவா ஃபிகரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த குட்டி ஜாவாவுக்கு வினைல் மேலங்கி. பார்க்க மலிவாக இருக்கிறது என்று கொஞ்ச நாளில் துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். மலிவாக இருக்கிறது என்று தூக்கிப்போட்ட அந்த வினைல் ஜாவாதான் இப்போது காஸ்ட்லி. துணி ஜாவா அந்த அளவுக்கு இல்லை.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் பெட்டியைப் பிரித்தார்கள், மண்ணில் புதைத்தார்கள், பட்டாசு வைத்து வெடித்தார்கள். மிச்சம் மீதியை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். தப்பித்தது கொஞ்சம், அதனால் விலை.

இப்போ 1999-க்கு வாங்க. 'ஸ்டார் வார்ஸ் எபிசோட் 1' ரிலீஸுக்கு இரண்டு வாரம் முன்பு, மே 3 நள்ளிரவில் அமெரிக்கக் கடைகள் திறந்தன. வரிசையில் நின்றவர்கள், சின்ன வயதில் அந்தப் பழைய ஃபிகரை உடைத்துவிட்டு ஏங்கியவர்கள். இந்த முறை யாரும் பிரிக்கவில்லை. வண்டி வண்டியாக வாங்கி, சீல் உடைக்காமல் பரணில் ஏற்றினார்கள். விளைவு? கால் நூற்றாண்டு கழித்தும் அந்த வரிசையில் பெரும்பாலான ஃபிகர்கள் பெட்டியோடு, மலிவாக, தாராளமாகக் கிடைக்கின்றன. எல்லோரும் பத்திரப்படுத்தின பொருளுக்கு எப்படிங்க மவுசு வரும்?

வீடியோ கேம் பக்கமும் இதே கூத்துதான். 2014-ல் நின்டெண்டோ 'அமீபோ' கொண்டுவந்தது. கைகால் அசையாத குட்டிச் சிலை, அடியில் ஒரு சிப், கேம் கன்சோலில் வைத்தால் கேமுக்குள் ஏதாவது திறக்கும். மரியோவை மலைபோலக் குவித்தவர்கள், மார்த், வில்லேஜர் போன்ற கதாபாத்திரங்களைக் கொஞ்சமாகச் செய்தார்கள். வெளிச்சந்தையில் விலை எகிறியது. அப்புறம் நின்டெண்டோ மறுபடி அச்சடித்தது, விலை பொத்தென்று விழுந்தது. அதிக விலை கொடுத்துப் பதுக்கியவர்கள் கதை அவ்வளவுதான். அச்சு இருக்கும்வரை கம்பெனிக்கு எப்போது வேண்டுமானாலும் இன்னும் ஒரு லட்சம் பீஸ் அடிக்க முடியும் என்பதை மறந்துவிட்டுத்தான் நாம் 'லிமிடெட்' என்ற வார்த்தைக்கு மயங்குகிறோம்.

பெரிய தலை கொண்ட வினைல் பொம்மைகளுக்குப் பெயர்போன ஃபன்கோ, 2023-ல் செய்த அறிவிப்பு இன்னும் காமெடி, இன்னும் சோகம். விற்காத சரக்கைக் குடோனில் வைத்திருக்கும் செலவு கட்டுப்படி ஆகவில்லை என்று, 3 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சரக்கை அழிக்கப் போவதாகச் சொன்னது. செய்த கம்பெனிக்கே வேண்டாத பொம்மை!

சரி, ஏன் இவ்வளவு விலை?

இதில் ஏமாற்று இல்லை, உழைப்பு இருக்கிறது. முதலில் சிற்பி கம்ப்யூட்டரில் உருவத்தைச் செதுக்குகிறார். கேம் கதாபாத்திரம் என்றால் ஏற்கெனவே ஒரு 3டி மாடல் இருக்கிறது, கொஞ்சம் சுலபம். நடிகர் என்றால் ஸ்டுடியோவும், பல சமயம் நடிகர் தரப்பும் முகத்தைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். மூக்கு சரியில்லை, கன்னம் சரியில்லை என்று பல சுற்று திரும்பி வரும். அதன்பிறகு இரும்பு அச்சு. ஒரு ஃபிகருக்கு ஒரு அச்சு போதாது. கை, கால், மார்பு, மூட்டு எல்லாம் தனித்தனி. இந்த அச்சுச் செலவுதான் மொத்தக் கணக்கையும் தீர்மானிக்கும். 1,000 பீஸ் விற்றாலும் 1,00,000 பீஸ் விற்றாலும் அச்சுக்கு ஒரே செலவு. அதனால்தான் எல்லோருக்கும் தெரிந்த ஸ்பைடர்மேன் சல்லிசாகவும், நீங்கள் மட்டும் விளையாடிய ஏதோ ஒரு கேமின் வில்லன் காஸ்ட்லியாகவும் இருக்கிறார்.

கடைசியில் பெயின்ட். கண் மாதிரி நுணுக்கமான இடங்களை மெஷின் அச்சடித்துவிடும். மற்றதில் கணிசமான வேலை தொழிற்சாலையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் கையில்தான். உங்கள் பேட்மேனின் உதடு கொஞ்சம் கோணலாக இருந்தால், அது அன்றைக்கு ஷிஃப்ட் முடியப்போகிற நேரத்தில் பூசப்பட்டிருக்கலாம்!

அளவு குழப்பம் பலருக்கும் இருக்கிறது. பெட்டியில் 1/6 என்றால் நிஜ மனிதனில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 30 செ.மீ. ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் இந்த அளவில்தான் ராஜா. துணியில் தைத்த உடை, மாற்றிப் போடும் கைகள் என எல்லாம் இருக்கும். 250 டாலருக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். 1/12 என்றால் 6 அங்குலம். ஜப்பானின் பண்டாய், மாக்ஸ் ஃபேக்டரி, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ எல்லோரும் மோதும் மைதானம் இது. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த அளவைத்தான். அலமாரியிலும் அடங்கும், மாதக் கடைசியில் மோர் சாதமும் சாப்பிட வேண்டாம்.

இந்தியாவுக்குள்ள வரும்போது...

அமெரிக்க வெப்சைட்டில் விலையைப் பார்த்து ரூபாய்க்கு மாற்றிச் சந்தோஷப்படாதீர்கள். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை நம் அரசு 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆக்கியது. 2023-ல் 70 ஆனது. இறக்குமதி செய்து விற்கும் கடைக்காரர் இதையும், ஜி.எஸ்.டி-யையும், ஷிப்பிங்கையும் சேர்த்து நம் தலையில்தான் கட்டுவார். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். ஃபிகர் பெட்டிகளில் 14+, 15+ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இது குழந்தைகள் விளையாட அல்ல, பெரியவர்கள் சேகரிக்க' என்பதுதான் அதன் அர்த்தம். ஆனாலும் பார்சலைப் பிரிக்கும் அதிகாரி கண்ணுக்கு அது பொம்மையாகத் தெரிந்தால், விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். வீட்டில் அம்மாவுக்குச் சொன்ன அதே வசனத்தை ஏர்போர்ட்டிலும் சொல்லணும், பாஸ்!

ப்ரீ-ஆர்டரிலும் கவனம். படம் ரிலீஸ் ஆகும் சூட்டோடு அறிவிப்பார்கள், ஃபிகர் கையில் வர ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். முன்பணம் பெரும்பாலும் திரும்ப வராது. அதற்குள் உங்களுக்கு அந்தப் படமே மறந்துபோயிருக்கலாம், வேலையும் மாறியிருக்கலாம். இ.எம்.ஐ. போட்டு வாங்குவது பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்டால்... வேண்டாமே, ப்ளீஸ்.

என் ஜோக்கர் அழுத கதை

சொந்தக் கதை ஒன்று. மூன்று வருடம் முன்பு இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றில் ஹீத் லெட்ஜர் ஜோக்கர், 2,800 ரூபாய். 'ஒரிஜினல், பாக்ஸ் டேமேஜ், அதான் ரேட் கம்மி.' ஜிபே பண்ணிவிட்டேன். வந்த ஜோக்கருக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கோட்டின் ஊதாச் சாயம் என் விரலில் ஒட்டியது. பெட்டியைத் திறந்ததுமே மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நாற்றம். மெசேஜ் பண்ணினால் பிளாக். அன்றைக்கு ஜோக்கர் சிரித்ததைவிட என் ரூம்மேட் சிரித்ததுதான் அதிகம்.

நான் பார்த்திருக்க வேண்டியவை இவைதான். அந்தப் பக்கத்தில் இருந்த போட்டோக்கள் எல்லாம் கம்பெனியின் விளம்பரப் படங்கள். விற்பவர் கையில் பொருள் இருந்தால், இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். பெட்டியின் பின்பக்கமோ அடியிலோ ஸ்டுடியோவின் காப்புரிமை வரி, தயாரிப்பாளர் பெயர், முகவரி பொடி எழுத்தில் இருக்கும். போலியில் அது மொத்தமாக இருக்காது, அல்லது ஒரு எழுத்து குறையும். ஜப்பான் தயாரிப்புகள் சிலவற்றில் பளபளக்கும் லைசென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதையும் போலியாக அடிக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேல், மார்க்கெட்டில் 25,000 விற்கும் பொருளை 2,800-க்கு ஒருவர் ஏன் தரவேண்டும் என்று ஒருமுறை கேட்டிருக்கலாம். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

பிளாட்பாரத்தில் மார்பில் லைட் எரியும் அயர்ன்மேனை 150 ரூபாய்க்கு விற்கும் அண்ணன் யாரையும் ஏமாற்றவில்லை. வாங்கும் அப்பாவுக்கும் அது என்னவென்று தெரியும். போலியை ஒரிஜினல் விலைக்குப் பக்கத்தில் வைத்து விற்பவர்தான் ஆபத்து.

சென்னை வெயிலும் ஹாங்காங் லெதரும்

பெரும்பாலான ஃபிகர்கள் பி.வி.சி., ஏ.பி.எஸ். என்ற இரண்டு பிளாஸ்டிக்குகளின் கலவை. பி.வி.சி. வளைந்து கொடுக்க அதில் எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். வெயில் காலத்தில், காற்றோட்டமே இல்லாத பெட்டிக்குள் அடைத்துவைத்தால் அது மெல்ல வெளியே கசிந்து, ஃபிகர் பிசுபிசு என்று ஆகும், தூசி எல்லாம் ஒட்டும். பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு மெதுவாகக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். துணி உடை போட்ட ஃபிகருக்கு இந்த வைத்தியம் கூடாது.

ஜன்னல் ஓரம் வேண்டவே வேண்டாம். வெயில் பட்டால் வெள்ளை மஞ்சளாகும். அந்த மஞ்சள் கழுவினால் போகாது. 1/6 ஃபிகர்களின் ஜாக்கெட், பூட்ஸில் இருப்பது பெரும்பாலும் செயற்கை லெதர். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் சில வருடங்களில் அது வெடித்து, பொடிப் பொடியாக உதிரும். சிலிக்கா ஜெல் பாக்கெட் உள்ளே போட்டு வையுங்கள். முழங்காலை மடக்கிய போஸில் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், மடிப்பில்தான் முதல் விரிசல் வரும். மூட்டு இறுகிப்போயிருந்தால் பலம் போட்டுத் திருகாமல், ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சூடுபடுத்தினால் இளகிவிடும்.

வீடு மாறும்போது எப்படிச் சுற்றி வைப்பது என்று தெரிய யூடியூப் எதற்கு? வருடா வருடம் கொலு பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, எது எங்கே என்று மேலே எழுதியும் வைக்கும் பாட்டியிடம் கேளுங்கள். நம் ஊரின் சீனியர் கலெக்டர் அவர்தான். ஒரே ஒரு திருத்தம், பி.வி.சி. ஃபிகரை நியூஸ்பேப்பரில் நேரடியாகச் சுற்றாதீர்கள், மை ஏறிவிடும்.

உங்க பரண்ல ஜோ இருக்காரா?

2024-ல் காமிக் கான் சென்னைக்கும் வந்த பிறகு, இந்த ஹாபி என்னவோ இப்போதுதான் நம்மூருக்கு வந்த மாதிரிப் பேச்சு. அப்படி இல்லை. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி. 1987-ல் ஹாஸ்ப்ரோவுடன் கைகோத்துத் தொடங்கியது. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டே இந்தியாவில் 3¾ அங்குல ஜி.ஐ. ஜோக்களைத் தயாரித்து விற்றது. 90ஸ் கிட்ஸ் அண்ணன்கள் பலரின் பர்த்டே கிஃப்ட் அதுதான்.

விஷயம் என்னவென்றால், நம் ஊரில் வந்த ஜோக்கள் பலவற்றில் அமெரிக்காவில் வராத நிறங்கள் இருந்தன. அங்கே பச்சை என்றால் இங்கே வேறு நிறம், தலை ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது என்று வினோதக் கூட்டணிகள் வேறு. அந்த வினோதம்தான் இன்று வெளிநாட்டுக் கலெக்டர்களுக்குப் பிடித்துப்போய், இந்திய ஜோக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். 'கிடைக்காதது' கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது. நாம்தான் பெட்டியைப் பிரித்து, தெருவில் சண்டை விட்டு, காயலான் கடையில் போட்டுவிட்டோமே!

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அண்ணனின் பழைய ஜோ கிடைத்தால், இடுப்பிலிருந்து கால் கழன்று இரண்டு துண்டாகக் கிடக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே மேலுடம்பையும் காலையும் இழுத்துப் பிடிக்கும் சின்ன ரப்பர் வளையம் ஒன்று உண்டு. இத்தனை வருடத்தில் அது இற்றுப்போயிருக்கும், அவ்வளவுதான். ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள். முதுகில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, அதே அளவில் புது ரப்பர் வளையம் மாட்டினால் ஆள் எழுந்து நிற்பார். பிளம்பிங் சாமான் கடையில் ஓ-ரிங் என்று கேளுங்கள். பழைய வளையத்தின் துண்டையும் எடுத்துப் போனால், அளவு பார்த்துக் கொடுப்பார்கள்.